ஒப்புக்கொண்ட பையனும் ஒரு துளி இரத்தமும்



போன வாரம் மகள் வீட்டில் பேத்தியோடு உட்கார்ந்து 'சி.எஸ்.ஐ.' என்ற அமெரிக்கத் தொடரைப் பார்த்தேன். (பெயரைக் கேட்டதும் நம்மூர் சர்ச் சமாச்சாரம் என்று நினைத்துவிட்டேன்!) 2000-இல் தொடங்கி 15 ஆண்டுகள் ஓடிய தொடராம். தடயவியல் நிபுணர் ஒரு முடியை எடுத்து இயந்திரத்தில் வைக்கிறார். உடனே கணினித் திரையில் குற்றவாளியின் முகம் வந்து நிற்கிறது. சோதிப்பவரும் அவரே, துப்பாக்கியோடு போய்ப் பிடிப்பவரும் அவரே. முக்கால் மணி நேரத்தில் வழக்கு முடிந்தது.

"நிஜத்துலயும் இப்படித்தானா தாத்தா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் நார்பரோ, எண்டர்பி என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள். 1983 நவம்பரில் நார்பரோவில் 15 வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். 1986 ஜூலையில் எண்டர்பியில் இன்னொருத்தி. அவளுக்கும் 15 வயதுதான். போலீஸார் 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்து விசாரித்தார்கள். இரண்டாவது கொலையை நான்தான் செய்தேன் என்று அவன் ஒப்புக்கொண்டான். முதல் கொலையை மட்டும் மறுத்தான்.

அதே லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் என்ற விஞ்ஞானி இருந்தார். டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறுபடும் பகுதிகளைப் படமாக எடுத்துக் காட்டும் முறையை 1984-இல் கண்டுபிடித்தவர். இரண்டு கொலைகளையும் இந்தப் பையன்தான் செய்தான் என்று நிரூபித்துத் தருவார் என எண்ணி, போலீஸார் அவரிடம் மாதிரிகளைக் கொடுத்தார்கள். முடிவு வேறாக வந்தது. இரண்டையும் செய்தவன் ஒரே ஆள்தான். ஆனால் அந்த ஆள் இந்தப் பையன் இல்லை!

கொலை வழக்கில் முதன்முதலாக நுழைந்த டி.என்.ஏ. சோதனை முதலில் செய்த வேலை, குற்றவாளியைப் பிடித்தது அல்ல, நிரபராதியை விடுவித்தது.

அப்படியானால் கொலையாளி யார்? அதற்குத் திரையில் முகம் வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவரின் மாதிரி வேண்டுமே! 1987-இல் சுற்றுவட்டார இளைஞர்கள் எல்லோரையும் அழைத்து இரத்தமும் உமிழ்நீரும் எடுத்தார்கள். 5,000 பேருக்கும் மேல். மாதக்கணக்கில் சோதனை நடந்தது. ஒருவருடையதும் பொருந்தவில்லை.

கடைசியில் விடை வந்தது ஒரு மதுக்கடையிலிருந்து. ரொட்டிக் கடையில் வேலை பார்த்த ஒருவன், "காலின் பிட்ச்ஃபோர்க்குக்குப் பதிலாக நான் போய் இரத்தம் கொடுத்தேன்" என்று கூட வேலை செய்பவர்களிடம் உளறிவிட்டான். அங்கிருந்த ஒரு பெண் அதைப் போலீஸில் சொன்னார். செப்டம்பரில் பிட்ச்ஃபோர்க் கைதானான். அவனுடைய டி.என்.ஏ. பொருந்தியது. 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை.

ஆக, இயந்திரம் மட்டும் துப்புத் துலக்கவில்லை. பொறுமையும், ஊர் மக்களின் ஒத்துழைப்பும், ஒரு பெண்ணின் மனசாட்சியும் சேர்ந்துதான் துலக்கின. இன்று கருவிகள் வேகமாகிவிட்டன. ஆனாலும் மாதிரியைக் கெடாமல் எடுப்பது, முத்திரையிட்டு அனுப்புவது, ஆய்வகத்தில் முறை வரும்வரை காத்திருப்பது எல்லாம் உண்டு. தொடரில் இவை எதையும் காட்டுவதில்லை.

பேத்தி இன்னொன்று கேட்டாள். "செய்யாத கொலையை அந்த அண்ணன் ஏன் ஒத்துக்கிட்டான்?"

பதில் எனக்குத் தெரியும். முப்பது வருடங்களுக்கு முன் என் வகுப்பில் சுற்றுலாவுக்கு வசூலித்த பணம் காணாமல் போனது. ஒரு பையன் மேல் சந்தேகம். மதியம் முழுக்க நிற்க வைத்துக் கேட்டேன். சாயங்காலம், "ஆமா சார், நான்தான் எடுத்தேன்" என்றான். நான்கு நாள் கழித்துப் பணம் என் வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள்ளேயே இருந்தது. வைத்தவன் நான். "ஏண்டா ஒத்துக்கிட்ட?" என்றேன். "நீங்க விடவே இல்லையே சார்" என்றான்.

பணம் கிடைத்துவிட்டது என்று மட்டும் வகுப்பில் சொன்னேன். அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்ற அன்று எந்த ஜெஃப்ரீஸும் இல்லை, அவனையும்தான்.

தம்பி, இதை நீ படித்தால், இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. மற்றவர்களுக்கு ஒன்று: ஒருவன் ஒப்புக்கொண்டான் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சோதித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்