மேகக் காட்டின் விதிகள்

மத்திய அமெரிக்காவிலுள்ள கோஸ்டாரிக்கா நாட்டின் திலரான் மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், கரீபியன் கடலினின்று வீசும் காற்றுச் சுமந்துவரும் மேகங்கள் மரக்கிளைகளிலே தங்கி, பாசிகளையும் ஆர்க்கிடுகளையும் நாளெல்லாம் நனைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் மோண்டேவெர்டே வனம் அமைந்திருக்கிறது. அதன் வாயிலில் வந்து நிற்கும் யாத்திரிகருக்குச் சில நியதிகள் சொல்லப்படுகின்றன: பாதையை விட்டு விலகலாகாது, இலையாயினும் பூவாயினும் பறிக்கலாகாது, பிராணிகளுக்குத் தின்பண்டம் கொடுக்கலாகாது, வீட்டு நாயை உடன் அழைத்து வரலாகாது, உள்ளே இருப்பவர்களின் தொகை வரம்பை எட்டிவிட்டால், அவர்களுள் சிலர் வெளியே வரும்வரையில் வந்தவர் காத்திருக்கவேண்டும். இவ்வனம் சர்க்காருடையதன்று, ஒரு தனியார் ஸ்தாபனத்தின் பரிபாலனத்தில் இருப்பது. ஆகையால் இங்கே ஆணை செலுத்துவது பெரும்பாலும் வீட்டுக்காரன் விருந்தினனிடம் கொள்ளும் உரிமையேயன்றி வேறில்லை. அவ்வுரிமையை இவ்விடத்தார் பிறர்மேல் செலுத்துவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே தங்கள்மேல் செலுத்திக்கொண்டார்கள் என்பதுதான் இதன் சரித்திரத்தில் எனக்குச் சுவையாகப் படுவது.

அச்சரித்திரம் தொடங்குவது காட்டிலன்று, சிறைச்சாலையில். அமெரிக்க ஐக்கிய நாட்டின் அலபாமா ராஜ்யத்தில் ஃபேர்ஹோப் என்னும் ஊரில் வாழ்ந்த குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், கொலைத்தொழிலில் எவ்விதப் பங்கும் கொள்ளலாகாது என்ற கோட்பாடு உடையவர்கள். அவர்களுள் நான்கு இளைஞர்கள், யுத்த சேவைக்குப் பெயர் பதிய மறுத்த குற்றத்திற்காக 1949-ஆம் ஆண்டு தண்டனை பெற்றார்கள். தாங்கள் செலுத்தும் வரிப்பணமும் ஆயுதமாக மாறுவதைச் சகியாத அச்சமூகத்தார் வேறு நாடு தேடியபோது, அத்தண்டனைக்கு முந்திய ஆண்டின் இறுதியில் தன் ராணுவத்தையே கலைத்துவிட்ட கோஸ்டாரிக்கா அவர்கள் கண்ணில் பட்டதில் வியப்பில்லை. 1951-இல் சில குடும்பத்தார் திலரான் மலையின் மேற்சரிவில் சுமார் 1,400 ஹெக்டேர் நிலம் வாங்கிக் குடியேறி, அதற்குப் பசுமலை என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரை இட்டார்கள்.

குடியேறினவர்கள் தவசிகளல்லர், உழைத்து உண்ணவேண்டிய விவசாயிகள். மற்ற விவசாயிகளைப் போலவே அவர்களும் மரங்களை வெட்டிப் புல்வெளியாக்கிப் பசுக்களை மேய்த்தார்கள். பாலைப் பட்டணத்திற்குக் கொண்டுபோக முடியாதபடி சாலை சேறும் பள்ளமுமாக இருந்தமையால், அதைப் பாலாடைக்கட்டியாக்கி விற்கும் தொழிற்சாலையொன்றை நிறுவினார்கள். ஆனால் வாங்கிய நிலத்தில் மலையுச்சியை ஒட்டிய 554 ஹெக்டேரை மட்டும், அது குவாசிமால் ஆற்றின் நீர்ப்பிடிப்பு என்று அறிந்து, எவரும் கோடரி எடுத்துச் செல்லலாகாத காடாக ஒதுக்கி வைத்தார்கள். குடிக்கவும், சிறு மின்னாக்கி ஒன்றைச் சுழற்றவும் தண்ணீர் வேண்டும், தண்ணீர் வற்றாதிருக்க மேலே மரம் வேண்டும், காரணம் இவ்வளவே. பறவைகளின் மீதுள்ள கருணையோ அழகின் உபாசனையோ இதில் இல்லை என்று ஒருவர் குறை கூறலாம். தன் நன்மையைத் தொலைநோக்கோடு கணக்கிடுகிற சுயநலம், நெஞ்சு உருகிப் பேசிக் கலைகிற பரோபகாரத்தைக் காட்டிலும் காட்டிற்கு நல்ல காவலன் என்பதே என் அபிப்பிராயம்.

1970-களின் தொடக்கத்தில் பறவைகளை ஆராய வந்த ஜார்ஜ் பவல் என்னும் இளம் அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய மனைவி ஹாரியட்டும், ஒதுக்கிய காட்டைச் சுற்றிலும் வேட்டையும் நில ஆக்கிரமிப்பும் பெருகுவதைக் கண்டு, அவ்விடங்களையும் காப்பாற்ற முயன்றார்கள். அவர்களுக்குத் துணை நின்ற வில்ஃபோர்ட் கிண்டன், சிறைசென்ற நால்வருள் ஒருவர். மரமறுக்கும் இயந்திர ரம்பங்களை விற்றுத் திரிந்தவரும் அவரே! 1972-இல் வனச் சரணாலயம் உருவாயிற்று. ஸான் ஹோஸே நகரில் 1962-இல் நிறுவப்பட்டிருந்த வெப்பமண்டல விஞ்ஞான மையம் அதன் பரிபாலனத்தை ஏற்றது. குவேக்கர்கள் தங்கள் பழைய நீர்ப்பிடிப்புக் காட்டையும் அதன் பொறுப்பில் குத்தகைக்கு விட்டார்கள்; உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அதன் பின்னர்தான் வேடிக்கை பார்ப்போர் வந்தார்கள். மரகத வண்ணமும் நீண்ட வாலிறகும் உடைய கெட்சால் பறவையின் கீர்த்தி அவர்களை இழுத்தது. முதலில் ஆண்டுக்குச் சில நூறு பேராக இருந்த கூட்டம் இருபதாண்டுகளுக்குள் பல்லாயிரமாயிற்று. மேகக் காட்டின் மண் என்றும் ஈரமானது. முன்னே நடந்தவர் கலக்கிய சேற்றில் மிதிக்க விரும்பாமல் பின்வருபவர் ஓரமாக ஒதுங்க, அவருக்குப் பின்வருபவர் இன்னும் சற்று ஒதுங்க, ஒற்றையடிப் பாதை சில பருவங்களில் வண்டிப் பாதையாக அகன்று, வேர்கள் வெளியே தெரியலாயின. பாதையை விட்டு விலகலாகாது என்ற விதியும் ஆள்தொகை வரம்பும் இவ்வாறு பிறந்தவை. தின்பண்டத்திற்குத் தடை விதித்ததன் காரணமோ, பிச்சைக்குப் பழகிய குரங்கையும் கோவாட்டி என்னும் காட்டு விலங்கையும் எங்கேனும் கண்டவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

விதிகளால் ஆகாதவையும் உண்டு. பொற்றேரை என்றொரு சிறு ஜீவன், அதன் ஆண், உருக்கிய தங்கத்தின் நிறமுடையது, உலகில் இம்மலைமுகட்டையன்றி வேறெங்கும் காணப்படாதது. 1987-ஆம் ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில் மர வேர்களிடையே தேங்கிய குட்டைகளில் 1,500-க்கு மேற்பட்டவை கூடியதை விஞ்ஞானிகள் கண்டார்கள். 1989-இல் ஒன்றே ஒன்று தென்பட்டது. பிறகு ஒன்றும் இல்லை. தோலைப் பற்றும் ஒருவகைப் பூஞ்சை நோயையும், உஷ்ணத்தால் மூடுபனி குறைந்து மலை வறண்டதையும் காரணமாகக் கூறுகிறார்கள். ஒழுங்கு தவறாத யாத்திரிகனும் வேலியிட்ட நிலச்சொந்தக்காரனும் இதில் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

அதே 1987-இல் சுவீடன் தேசத்துக் கிராமப் பள்ளிச் சிறுவர்கள் காசு திரட்டத் தொடங்கி, பிற தேசத்துக் குழந்தைகளும் சேர்ந்துகொள்ள, அண்டையிலேயே குழந்தைகளின் நித்திய வனம் என்ற பெயரில் இச்சரணாலயத்தைவிடப் பன்மடங்கு பெரிய காடொன்று வாங்கப்பட்டது. அதற்கும் தனிச் சபை உண்டு, தனி விதிகளும் உண்டு.

இவை யாவற்றிலும் வலிமை வாய்ந்த விதியொன்று எந்தப் பலகையிலும் எழுதப்படாமலே பல்லாண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதுதான் பாலைக் கட்டியாக்க வைத்த அந்தப் பழைய சாலை. தார் போட்டால் காலையில் வந்து மாலையில் திரும்பும் பேருந்துக் கூட்டம் பெருகிவிடும் என்று ஊராரில் பலர் அதைச் செப்பனிடுவதையே எதிர்த்து வந்தார்கள். நோயாளியைப் பட்டணத்திற்குக் கொண்டுசெல்பவர்களும் காய்கறி விற்பவர்களும் அவ்வாதத்தை ஒப்பவில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அண்மைக் காலத்தில் அச்சாலையும் தார் கண்டுவிட்டது. மலையடிவாரத்திலேயே பாதிப்பேரைத் திருப்பி அனுப்பிய அந்த வேலையும் இப்போது வாயிலில் சீட்டு வழங்குபவரின் கணக்கில் சேர்ந்திருக்கிறது.