பேராக் தோட்டத்துக் கள்ளுக்கடையும் அதன் கணக்கேடும்

மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் பலரும் தோட்டத்துக் கள்ளுக்கடையை ஒழுக்கக்கேட்டின் உறைவிடமாகவே காட்டிச் சென்றுள்ளனர். குடியால் சீரழிந்த குடும்பங்கள் எண்ணிலடங்கா. அதனை மறுப்பது நம் நோக்கமன்று. ஆயினும் சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டில் நின்று, பகலெல்லாம் பால்மரம் சீவிய ஆடவர் மாலையில் கூடிப் பேசிய இடம் அதுவே. கோயிலை விட்டால் அவர்களுக்கு வேறு மன்றம் இருந்ததில்லை. அம்மன்றம் யாருக்கு உரியதாக இருந்தது என்பதை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

முதற்கண் கள்ளின் இயல்பை நோக்குதல் வேண்டும். தென்னம்பாளையைச் சீவி இறக்கும் பதநீர், சுண்ணாம்பு இடாவிடின், சில மணி நேரத்திலேயே தானாகப் புளித்துவிடும். அன்று இறக்கியதை அன்றே குடித்தாக வேண்டும். மறுநாள் அது காடியாக மாறத் தொடங்கும். நாம் முனைவர் பட்ட ஆய்வுக்காக இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, ‘ரியல் ஏல்’ என்று அந்நாட்டார் போற்றும் பீர் வகையை அறிய நேர்ந்தது. பீப்பாயிலேயே மீண்டும் நொதித்து முதிர்ந்து, புறத்தேயிருந்து வாயு செலுத்தப்படாமல் வார்க்கப்படும் பானம் அது. ஆலைப் பீரின் ஆதிக்கத்திலிருந்து அதனைக் காக்க 1971இல் ஓர் இயக்கமே தோன்றியது. நம் கள்ளும் அவ்வாறு உயிருள்ள பானமே. (புறநானூற்றில் விருந்தோம்பலின் அடையாளமாகக் கள்ளைக் கற்பித்துவிட்டு, மறு வாரமே திருக்குறளின் கள்ளுண்ணாமையைக் கற்பிக்கும் தமிழாசிரியரின் சங்கடம் நாம் அறியாததன்று.)

நெடுந்தொலைவு கொண்டு செல்லவியலாத பானம் மரத்தருகிலேயே விற்கப்பட வேண்டும். பாகான் டத்தோக் கடற்கரையில் தென்னைக்குக் குறைவில்லை. ரப்பர்த் தோட்டத்திலோ தென்னை நின்ற நிலமும் நிருவாகத்தின் நிலம். கடைக்கு அரசு உரிமம் பெற்றதும் நிருவாகமே. ஆகவே கூலி கொடுத்த கையே அக்கூலியில் ஒரு பகுதியை மாலையில் திரும்பப் பெற்றது. இலாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்பது விதி. கோயில் திருவிழா, விளையாட்டு, பள்ளிக்கூடத் தேவைகள் போன்றவற்றிற்கு அந்நிதி பயன்பட்டது. ஆனால் எதற்கு, எவ்வளவு என்று முடிவு செய்தவர் துரை, கணக்கெழுதியவர் கிராணி. பணம் கொடுத்துக் குடித்தவன் அக்கணக்கைப் பார்க்கவியலாது. தன் காசிலேயே நடந்த திருவிழாவிற்குத் துரையின் தருமம் என்று அவன் நன்றி கூற நேர்ந்தது!

இங்கிலாந்தின் தொழிலாளர் மன்றங்களோடு இதனை ஒப்பிடுவது பயனுடையது. அவற்றின் கூட்டமைப்பை 1862இல் நிறுவிய ஹென்றி சோலி என்னும் சமயப்போதகர் மதுவிலக்கில் பற்றுடையவர். தொடக்கத்தில் மன்றங்களில் மதுவிற்கு இடமில்லை. சில ஆண்டுகளில் பீர் அனுமதிக்கப்பட்டது. அவ்வருவாய் கைக்கு வந்தபின் செல்வந்தப் புரவலரின் தயவு தேவைப்படவில்லை. 1880களில் கூட்டமைப்பின் ஆட்சியே உறுப்பினரிடம் சென்றது. அங்கே குடியின் இலாபம் தொழிலாளியைப் புரவலரிடமிருந்து விடுவித்தது. இங்கே அதே இலாபம் புரவலரை உருவாக்கியது. பானத்தில் அன்று, உரிமையிலேயே வேறுபாடு இருந்தது. ஈப்போவிலும் 1895 முதல் ஐரோப்பியர்க்கு ஈப்போ கிளப் இருந்தது. அங்கே ‘ஸ்தெங்ஙா’ அருந்திய துரைமாருக்கு உறுப்புரிமை உண்டு. தோட்டத் தொழிலாளிக்குத் தன் மன்றத்தில் குவளை மட்டுமே உண்டு.

எனவே கள்ளுக்கடை எதிர்ப்பை வெறும் மதுவிலக்காகக் கொள்ளுதல் பொருந்தாது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்ட பெரியார், 1929 டிசம்பரில் ஈப்போவில் தமிழர் மாநாட்டைத் தொடங்கிவைத்தார். சுயமரியாதைக் கருத்துகள் மலாயாவில் வேரூன்ற அப்பயணம் துணைநின்றது. 1941இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒன்று. ஊதிய உயர்வோடும், துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டிய இழிவு நீங்க வேண்டும் என்பதோடும் அது ஒரே பட்டியலில் இடம்பெற்றது கருதத்தக்கது. 1947இல் கெடாவின் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம்.சாமி தலைமையில் இயங்கிய தொண்டர் படையினர் பீடோங் கள்ளுக்கடை முன் மறியல் செய்தபோது அரசு காவற்படையை ஏவியது. சில குவளைக் கள்ளுக்காக மட்டும் ஓர் அரசு அவ்வளவு அஞ்சியிருக்குமா என்பது ஐயமே. தொழிலாளர் தாமே ஒழுங்கு அமைத்துக்கொள்ளத் துணிந்ததே அதற்கு உறுத்தியது எனக் கருதுகின்றோம்.

இன்று அத்தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நிற்கின்றது. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கள்ளுக்கடை இருந்த இடத்தை முதியோர் கைகாட்டியே நமக்கு உணர்த்த வேண்டியுள்ளது. தோட்டக் கோயில்களின் நன்கொடைக் கற்களில் துரை பெயரையும் கங்காணி பெயரையும் கிராணி பெயரையும் கண்டிருக்கின்றோம். கள்ளுக்கடை நிதி என்று பொறித்த ஒரு கல்லையும் இதுவரை கண்டதில்லை.