தோட்ட உபதேசியார்

இலங்கையின் மத்திய மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களிலும், பின்னர் தேயிலைத் தோட்டங்களிலும் மிஷனரிகளின் கீழ்ச் சம்பளத்துக்கு வேலை செய்து கிறிஸ்தவச் சபைகளை நடத்திய தமிழ் ஊழியர் உபதேசியார் எனப்பட்டார். இவர் குருப்பட்டம் பெற்றவர் அல்ல. திருவிருந்து நடத்தும் உரிமை இவருக்கு இல்லை. ஞானஸ்நானமும் வழக்கமாக ஐயர் எனப்பட்ட மிஷனரிக் குரு வரும் நாளுக்குக் காத்திருக்கும். வேதம் வாசிப்பது, ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது, நோயாளிகளைப் பார்ப்பது, இறந்தவர்களை அடக்கம் செய்வது ஆகியவை இவர் பொறுப்பு. மிஷனரிகளின் பெயரில் ஆண்டறிக்கைகளில் ஏறிய வேலையில் பெரும்பகுதி இவர்கள் கால்நடையாக நடந்து செய்தது.

மலைநாட்டில் இந்தப் பணி தோன்றியதற்குக் கோப்பியே காரணம். 1830களிலிருந்து கண்டியைச் சுற்றிய காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆள் சேர்ப்பவர்களான கங்காணிமார் ஆள் கட்டி அழைத்துவந்தார்கள். கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழியே நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மாண்டவர் பலர். தப்பி வந்து சேர்ந்தவர்களில் ஒரு சிறு பகுதியினர் ஊரிலேயே கிறிஸ்தவர்களாக இருந்தவர்கள்: ரோமன் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இருந்தார்கள். மற்றவர்கள் அவர்களை வேதக்காரர் என்றார்கள். ஊரில் கோயிலும் குருவும் இருந்தவர்களுக்கு இங்கே மழையும் மலையும்தான் இருந்தன. புதியவர்களை மதம் மாற்றுவதைவிட, ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்று வந்தவர்கள் சிதறிப்போகாமல் காப்பதே மலைநாட்டு மிஷன் வேலையில் பெரும் பங்கு. மதமாற்றக் கதைகளையே முன்வைக்கும் மிஷன் வரலாறுகள் இதைப் போதிய அளவு சொல்வதில்லை.

ஆங்கிலிக்கன் சபையின் சர்ச் மிஷனரி சங்கம் 1818இலேயே இலங்கைக்கு வந்து கண்டியிலும் நிலையம் அமைத்திருந்தது. ஆனால் தோட்டத் தமிழருக்கென்று தனிப் பணி 1854இல்தான் தொடங்கியது. அதன் பெயர் தமிழ்க் கூலி மிஷன். கூலி என்ற சொல் அன்று அரசாங்கக் கடிதங்களிலும் தோட்டக் கணக்கிலும் சாதாரணமாகப் புழங்கிற்று. அது வசையாக ஒலிக்கத் தொடங்கிய பின்னர் மிஷனின் பெயர் தமிழ்ச் சபை மிஷன் என்று மாறியது. வரவுசெலவு ஏற்பாடு விசித்திரமானது. மேற்பார்வையிடும் ஐரோப்பிய மிஷனரிக்குச் சங்கம் சம்பளம் கொடுக்கும். உபதேசியாருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் வேண்டிய பணம் தோட்ட நிர்வாகிகளான துரைமாரின் சந்தாவிலிருந்து வரும். ஆகவே உபதேசியாருக்கு இரண்டு எசமானர்கள்: குதிரையில் எப்போதாவது வரும் ஐயர் ஒருவர், நாள்தோறும் பங்களாவில் இருக்கும் துரை ஒருவர்.

ஆட்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். அங்கே அரை நூற்றாண்டாக வளர்ந்திருந்த சபைகள், பாளையங்கோட்டையிலும் சாயர்புரத்திலும் இருந்த பயிற்சிப் பள்ளிகளின் வழியே, ஊருக்கு ஓர் உபதேசியார் என்ற முறையைப் பழக்கியிருந்தன. அதே முறை கடல் கடந்து மலையேறியது. ஆனால் மண் வேறு. பனங்காட்டுக் கிராமத்தில் உபதேசியாரும் சபையாரும் பெரும்பாலும் ஒரே சாதி, ஒரே பேச்சு. தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளான லயங்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். அவர்கள் பேச்சில் திருச்சி, சேலம் வாடை. திருநெல்வேலிக்காரரின் ‘வந்தாவ’ அவர்களுக்குப் புதிது. லயங்களும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடந்தன. உபதேசியார் எந்தக் காம்பராவில் (அறையில்) உட்கார்ந்து ஜெபம் நடத்துகிறார், எவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார் என்பதைப் பிரசங்கத்தைவிடக் கூர்மையாகக் கவனிக்கும் கண்கள் அங்கே உண்டு.

உபதேசியாரின் நாள் தோட்டத்தின் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. விடியுமுன் தப்பு அடித்து ஆட்களை எழுப்புவார்கள். ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் கங்காணி தன் ஆட்களை நிறுத்த, கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். துரை அனுமதித்த தோட்டங்களில், பேர் போட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரிவதற்கு முன்னுள்ள சில நிமிடங்கள் உபதேசியாருக்குக் கிடைக்கும். கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டு நடுங்கி நிற்கும் கூட்டத்துக்கு ஒரு வசனம் வாசித்து, இரண்டு சொல் சொல்லி, ஜெபித்து முடிப்பார். கேட்பவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர். வேலைக்கு வந்து நின்றவர்கள். துரை பக்கத்தில் நிற்கும்போது சொல்லப்படும் வேதத்தைத் துரையின் சொல்லாகவே எடுத்துக்கொண்டவர்கள் இருந்ததில் வியப்பில்லை.

பகலில் லயத்தில் ஆள் இருக்காது. நோயாளிகள், பிள்ளைபெற்றவர்கள், கிழவர்கள், பிள்ளைக்காம்பராவில் ஆயா பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் மட்டுமே இருப்பார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு உபதேசியார் அடுத்த தோட்டத்துக்கு நடப்பார். ஒருவர் பொறுப்பில் பல தோட்டங்கள் இருந்தன. குடை, வேதப்புத்தகம், ஜெபப்புத்தகம், பாட்டுப் புத்தகம், நாட்குறிப்பு ஆகியவற்றோடு அட்டைக்குப் புகையிலையோ சுண்ணாம்போ கையில் இருக்கவேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்து ஒற்றையடிப் பாதைகளில் காலைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் விரலிடுக்கில் அட்டை ஏறும். பிடுங்கினால் இரத்தம் நிற்காது. புகையிலைச் சாற்றைத் தடவினால் தானே சுருண்டு விழும். திருநெல்வேலித் தேரிக்காட்டில் வளர்ந்தவர் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்ட மலைநாட்டுப் பாடம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்து ஆட்கள் லயத்துக்குத் திரும்பியபின் இராப்பள்ளி. மண்ணெண்ணெய் விளக்கடியில் பகலெல்லாம் வேலை செய்த சிறுவர்களும் சில வாலிபர்களும் அரிச்சுவடி படிப்பார்கள். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கே உபதேசியார் அதிகம் தேவைப்பட்டார். ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துக் காட்டவேண்டும்; பதில் எழுதவேண்டும்; பணம் அனுப்ப உதவவேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு மாறக் கடன் விவரத்தோடு துரை கொடுக்கும் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவேண்டும். 1921இல் துண்டுமுறை ஒழியும்வரை அந்தக் காகிதத்தில் ஒரு குடும்பத்தின் விலையே எழுதப்பட்டிருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவர் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அப்பால் ஒருவர் இருந்தார் என்பதே உபதேசியார் பெற்ற மதிப்புக்குப் பெரிய காரணம். கங்காணிக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கும் அதுவே காரணம். கங்காணியே கிறிஸ்தவராக இருந்த இடங்களில் நிலைமை நேர்மாறு: அவர் ஆட்கள் அனைவரும் ஞாயிற்றுக்கிழமை வரிசையாக வந்து உட்காருவார்கள், அவர் தோட்டம் மாறினால் சபையும் மூட்டை கட்டிக்கொண்டு போகும்.

மிஷனரியின் வருகை ஒரு சிறு திருவிழா. நாள் குறித்துத் தப்பால்காரன் வழியே சீட்டு வரும். ஐயர் துரையின் பங்களாவில் தங்குவார். உபதேசியார் பின்வாசல் வழியே வந்து பங்களா வேலைக்காரரான அப்புவிடம் சொல்லியனுப்பிக் காத்திருப்பார். பங்களாவில் சமைப்பவரும் குதிரையைப் பார்ப்பவரும் சாமான் சுமப்பவரும் இல்லாமல் ஒரு மிஷனரிப் பயணமும் நடந்ததில்லை. அறிக்கைகளில் அவர்களுக்குப் பெயர் இல்லை. உபதேசியாரின் மனைவிக்கும் பல இடங்களில் இதே கதிதான். பெண்களிடம் ஆண் உபதேசியார் தாராளமாகப் பேசமுடியாத லயங்களில் மனைவியே உள்ளே போய் உட்கார்ந்து பேசினார். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். ஐயர் வந்ததும் நாட்குறிப்பைப் பார்ப்பார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்களைச் சோதிப்பார், திருவிருந்து கொடுப்பார். மறுநாள் குதிரை அடுத்த தோட்டத்துக்குத் திரும்பும்.

உபதேசியார்களின் சம்பளத்தைச் சந்தாவால் கொடுத்த துரைமாரில் பலர் ஸ்கொத்லாந்துப் பிரெஸ்பிட்டேரியன் சபையார், ஆங்கிலிக்கன் அல்லர். அவர்கள் பணத்தில் நடக்கும் வேலை யாருடைய அதிகாரத்துக்கு உட்பட்டது என்ற கேள்வி 1876இல் வெடித்தது. அப்போது கொழும்பின் புதிய பேராயராக வந்திருந்த இளைஞர் ரெஜினல்ட் கொப்பிள்ஸ்டன், தோட்டப் பணி தம் ஆளுகைக்குள் வரவேண்டும் என்றார். சர்ச் மிஷனரி சங்கத்தார் இணங்கவில்லை. சங்கத்தின் குருமாருடைய அனுமதிப் பத்திரங்களைப் பேராயர் திரும்பப் பெற்றார். வழக்கு இங்கிலாந்துப் பேராயர்கள்வரை போய் 1880இல்தான் ஒருவழியாகத் தீர்ந்தது. வெள்ளைக்காரருக்குள் நடந்த இந்தச் சண்டை லயத்துக்குள் எட்டியிராது. ஆனால் உபதேசியார் யாருக்குக் கணக்குக் கொடுப்பது என்ற குழப்பம் சில காலம் நீடித்தது.

அதைவிடப் பெரிய அடி இலையிலிருந்து விழுந்தது. 1869இல் கோப்பி இலையில் தெரிந்த செம்பூஞ்சை பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்களைத் தின்றுவிட்டது. 1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தது. துரைமார் கைவிரித்தபோது சந்தாவும் மெலிந்தது. ஆனால் 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்டுப் பார்த்த தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தபோது உபதேசியாரின் வேலையே தன்மை மாறியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்களே ஆள் தேவை; பறித்து முடித்தவர்களில் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். ஓர் ஆண்டு சபையிலிருந்தவர்கள் அடுத்த ஆண்டு அதே தோட்டத்துக்கு வருவார்கள் என்று சொல்லமுடியாது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டும்; பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆகவே குடும்பங்கள் நிலைத்தன. பிள்ளைகள் லயத்திலேயே பிறந்தார்கள். அலைந்துகொண்டிருந்த உபதேசியார் பள்ளிக்கூடம் வைத்துத் தங்கினார். 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் கோச்சி (ரயில்) வந்தபின் மிஷனரியின் பயணமும் எளிதாயிற்று.

கோயில்கள் இரு வகையாக எழுந்தன. நுவரெலியாவில் 1852இல் அர்ச்சிக்கப்பட்ட பரிசுத்த திரித்துவ ஆலயமும், டிக்கோயாவில் 1878இல் கட்டப்பட்ட வோர்லி கிறிஸ்து ஆலயமும் ஆங்கிலத் துரைமாருக்காக எழுந்த கட்டடங்கள். தமிழ்ச் சபைகளுக்குப் பெரும்பாலும் தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடமே ஞாயிற்றுக்கிழமைக் கோயில். வாங்குகளைத் திருப்பிப் போட்டால் ஆராதனை. அந்த ஆராதனைகளில் வாசிக்கும் வேதமும் ஒன்றாயிற்று: 1871இல் ஐக்கியத் திருப்புதலான தமிழ் வேதாகமம் வெளிவந்தது முதல் திருநெல்வேலி ஆளும் யாழ்ப்பாண ஆளும் ஒரே மொழிபெயர்ப்பை வாசிக்க முடிந்தது.

மற்றச் சபைகளும் மலைநாட்டில் வேலை செய்தன. வெஸ்லியன் மெதடிஸ்த மிஷன் ஹட்டனில் 1892இல் தொடங்கிய பள்ளி பின்னாளில் ஹைலண்ட்ஸ் கல்லூரியாயிற்று. தோட்டத்துப் பிள்ளைகளில் பல தலைமுறை அதில் படித்தது. கத்தோலிக்கர் தரப்பில் 1883 முதல் கண்டி தனி ஆட்சிப் பகுதியாக, சில்வெஸ்திரின் பெனடிக்டின் துறவிகள் பொறுப்பில் இருந்தது. அங்கும் உபதேசியார் உண்டு. குருவானவர் வராத ஞாயிறுகளில் ஜெபமாலை சொல்லவைப்பதும், மாதா திருநாளுக்குத் தேர் ஒழுங்கு செய்வதும் அவரும் லயத்து மூப்பரும் சேர்ந்து பார்த்த வேலைகள். சீர்திருத்தச் சபைக்காரரின் கீர்த்தனைகளைவிட இந்தத் தேர், மாரியம்மன் திருவிழாவுக்குப் பழகிய தோட்டத்து வாழ்வோடு எளிதில் ஒட்டிக்கொண்டது.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்டத்துச் சிறுவர்களுக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. 1920இன் கல்விச் சட்டம் அதை இறுக்கியது. மிஷன் பள்ளிகள் பல அரசு மானியம் பெற்றன. தோட்டங்கள் தாமே பள்ளி திறந்தன. உபதேசியாரே ஆசிரியராகவும் இருந்த இடங்களில், மானியம் வாங்கும் ஆசிரியரும் சந்தாவில் வாழும் உபதேசியாரும் ஒரே ஆளுக்குள் இடித்துக்கொண்டார்கள். நாளடைவில் ஆசிரியர் வேலையே பெரிதாயிற்று. ஒரே அறையில் ஐந்து வகுப்புகளை ஒருவராகவே நடத்திய அந்த ஆசிரியர்களை ஒட்டியே தோட்டத்துப் படித்த வர்க்கத்தின் முதல் தலைமுறை உருவாயிற்று.

தோட்டத் தமிழிலக்கியத்தின் தொடக்கத்திலும் இந்தச் சூழலின் சாயல் உண்டு. மலைநாட்டைப் பாடிய முதல் அச்சு நூல்களில் ஒன்றான ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை 1869இல் வெளியிட்டவர் ஆபிரகாம் ஜோசப். நூலின் பொருள் வேதமல்ல, கோப்பிச் செய்கை. நாற்று மேடை முதல் தோட்டத்து வேலைகளைக் கும்மி மெட்டில் சொல்லும் அது, எழுதத் தெரிந்த கிறிஸ்தவத் தமிழர் துரையின் பார்வைக்கு எவ்வளவு அருகில் நின்றார்கள் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கியபோது உபதேசியாரின் எழுத்து வேலை திடீரெனப் பெருகியது. 1949இன் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டப்படி விண்ணப்பிப்பவர் பல ஆண்டு தொடர்ந்து இலங்கையில் வசித்ததற்குச் சான்று காட்டவேண்டும். பிறப்புப் பதிவு இல்லாதவர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டையும் பள்ளிச் சேர்வு இடாப்பையும் தேடி வந்தார்கள். ஆத்துமக் கணக்காகத் தொடங்கிய ஏடு குடியுரிமைச் சான்றாயிற்று. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. நீலகிரி நோக்கிக் கப்பலேறியவர்களோடு முழுச் சபைகளும் கரைந்தன. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையும் கிடைத்த வீடுகள் பல.

1970களின் நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. தோட்டப் பள்ளிகளும் படிப்படியாக அரசின் கைக்குப் போயின. சந்தா கொடுத்த துரையும் இல்லை, பள்ளி நடத்திய மிஷனும் இல்லை என்ற நிலையில் பழைய உபதேசியார் முறை ஓய்ந்தது. அதே காலத்தில் வேறு வகைப் பணி கிளம்பியது. இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்தியோதயம், தோட்டத்தாரின் கூலி, குடியிருப்பு, வாக்குரிமை ஆகியவற்றைப் பேசுபொருளாக்கியது. பிலிமத்தலாவையில் 1963இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்த சபைகள் சேர்ந்து திறந்த இலங்கை இறையியல் கல்லூரி தமிழிலும் சிங்களத்திலும் பயிற்றுவிக்கிறது. திருநெல்வேலியிலிருந்து ஆள் வரவழைக்கும் தேவை அதன்பின் இல்லை. லயத்தில் பிறந்தவர்களே குருப்பட்டம் பெற்று லயத்துச் சபைகளுக்குத் திரும்புகிறார்கள்.