இடியன் துவக்கின் கதை

 

இந்தப் பாலைப்பழக் காலத்தில் எங்கள் வகுப்பில் ஒரு கதிரை இரண்டு கிழமையாக வெறுமையாகக் கிடந்தது. அந்தப் பிள்ளையின் வாப்பா பழம் பிடுங்கக் காட்டுக்குப் போனவர். கட்டுத்துவக்கு வெடித்து, முழங்காலுக்குக் கீழே சன்னம் பாய்ந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிள்ளை திரும்பி வந்த அன்று பின்வாங்கிலிலிருந்து ஒரு கேள்வி வந்தது: "சேர், இந்தத் துவக்க முதல்ல ஆர் கொண்டுவந்தது?" அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இன்று முழுதாக எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். கதிரை, அலுமாரி, சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். துவக்கு அப்படியல்ல. துருக்கி மொழியின் 'துஃபெக்' என்ற சொல்தான் கைமாறிக் கைமாறி நம்மிடம் துவக்காக வந்தது. தமிழ்நாட்டில் சொல்லும் துப்பாக்கிக்கும் அதுவே வேர். சிங்களத்திலும் 'துவக்குவ' என்றுதான் சொல்கிறார்கள். இந்த நாட்டில் சண்டை பிடித்த எல்லோரும் ஒரே சொல்லைத்தான் தோளில் சுமந்திருக்கிறார்கள்.

போர்த்துக்கேயர் இலங்கைக் கரைக்கு வந்தது 1505இல் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அவர்களுடைய பீரங்கிச் சத்தத்தைக் கேட்டு கோட்டை இராச்சியம் அதிர்ந்த கதையை ராஜாவலிய சொல்கிறது. ஆனால் அதிர்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. சீதாவாக்கை அரசன் மாயாதுன்னை கள்ளிக்கோட்டைச் சாமூதிரியிடம் உதவி கேட்டான். சாமூதிரியின் மலபார் முஸ்லிம் மாலுமிகள் துவக்குகளோடு வந்து இறங்கினார்கள். 1538இல் மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள வேதாளையில் மரைக்காரின் கப்பற்படையைப் போர்த்துக்கேயர் தோற்கடித்தார்கள். படை தோற்றாலும் கைத்தொழில் தோற்கவில்லை. சிங்களக் கொல்லர்கள் தாங்களே துவக்குச் செய்யப் பழகி, அதே போர்த்துக்கேயர் வியந்து எழுதுமளவுக்குக் கைதேர்ந்தார்கள்.

அந்தக் கைவேலையைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போகலாம். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டு எடுத்துச் சென்ற பொருட்களில் ஆறு, 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. பொன்னும் வெள்ளியும் இழைத்த சிறு பீரங்கி ஒன்றும் பெரிய துவக்குகள் இரண்டும் அவற்றில் உண்டு.

இனி அது எப்படி வேலை செய்தது என்று பார்ப்போம். கம்மாலையில் இரும்புப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி அடித்து ஒட்டிக் குழலாக்குவார்கள். பிறகு உட்புறத்தைக் கடைந்து நேராக்குவார்கள். ஒட்டு சரியில்லை என்றால் முதல் வெடியிலேயே குழல் பிளந்து சுட்டவனின் கை போய்விடும். ஆரம்பத் துவக்குகளில் எரியும் திரியால் மருந்துக்கு நெருப்பு வைத்தார்கள். பிறகு சக்கிமுக்கிக் கல் வந்தது. விசையை இழுத்ததும் கல் உருக்குத் தகட்டில் உரசும். பொறி சின்னக் கிண்ணத்திலுள்ள மருந்தில் விழும். அந்த நெருப்பு ஒரு ஊசித் துளை வழியே குழலுக்குள் போய்ப் பெரிய மருந்தைப் பற்ற வைக்கும். துளை அடைத்திருந்தால் கிண்ணத்து மருந்து மட்டும் 'புஸ்' என்று எரியும், குண்டு அசையாது. மழையில் நனைந்தாலும் அதே கதிதான்.

மருந்து, குண்டு எல்லாமே குழலின் வாய் வழியாகத்தான் போகும். கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் அதற்கு இடியன் என்று பேர். நன்றாகப் பழகிய சிப்பாய்க்கே நிமிடத்துக்கு இரண்டு மூன்று வெடிதான். சுட்ட பிறகு கரி படிந்த குழலைச் சுடுநீர் ஊற்றிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூச வேண்டும். ஒரு நாள் சோம்பினால் துரு பிடித்துவிடும்.

இந்த மாதிரித் துவக்குகளின் காலத்தில்தான் எங்கள் மண்ணின் பெரிய சண்டையும் நடந்தது. 1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தான். அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வொன் டிறிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. அந்தச் செய்தியைக் கல்லில் பொறித்து நட்டதும் வென்றவர்களே. ஒட்டுசுட்டான் பாதையில் போகும்போது ஒருமுறை நின்று பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டுங்கள்.

சண்டை முடிந்த பிறகும் துவக்கு வேட்டைக்காரர் கையில் இருந்தது. எங்கள் மூத்தவர்கள் வேட்டைக்குப் போனால் துவக்கோடு கத்தியும் போகும். ஷாஃபிஈ மத்ஹபின்படி வெடிபட்டுச் செத்த பிராணி ஹலால் ஆகாது. உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும். வெடி வைத்த கையோடு மானின் பின்னால் முள்ளுக்குள் ஓடின கதையை அப்பாமார் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். தூரத்திலிருந்து கண்டபடி சுட முடியாது. சுடுவது என்ன என்று தெரிந்து, ஓடிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் நின்று சுட வேண்டும்.

1990 ஒக்டோபரில் எங்கள் சனம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. புத்தளத்து முகாம்களில் வளர்ந்தவர்கள் 2009க்குப் பிறகு திரும்பி வந்தபோது வயல் இருந்த இடத்தில் காடு நின்றது. போரில் இடம்பெயர்ந்து திரும்பிய தமிழ்ச் சனத்துக்கும் இதே நிலைதான். பன்றியும் யானையும் வரம்பு வரை வந்துவிட்டன. ஒரு போகம் அழிந்தால் வருடம் முழுக்கக் கடன். அந்தத் தவிப்பு எங்களுக்குத் தெரியும், அதை யாரும் சின்னதாகப் பேச வேண்டாம்.

ஆனால் அதற்கு மருந்தாக வந்த கட்டுத்துவக்கைப் பாருங்கள். அதுவும் இடியன்தான். மரத்தில் கட்டி, பாதைக்குக் குறுக்கே நூலை இழுத்துவிட்டு, ஆள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். நூலில் படுவது பன்றியா, குட்டியோடு வரும் யானையா, தேன் எடுக்கப் போன மனிதனா என்று அந்தத் துவக்குக்குத் தெரியாது. மானே விழுந்தாலும் விடிவதற்குள் செத்துவிடும், எங்களுக்கு அது ஹராம். அந்த நாளில் சுட்டவன் யாரென்று ஊருக்குத் தெரியும், அவன் பதில் சொல்லியாக வேண்டும். இன்று எங்கள் மாணவனின் வாப்பாவைச் சுட்டது யார்? ஆறு மாதம் தோட்டத்தில் நிற்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆறு மாதத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது?

1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாத துவக்கு குற்றம். பயிர்க் காவலுக்குத் துவக்கு வேண்டுமென்றால் மாவட்டச் செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். அதைவிட, முன்பு போல முறை போட்டுப் பரண் காவல் இருப்பது பற்றிக் கமக்காரர் அமைப்புகள் பேசலாம். பள்ளிவாசலிலும் கோயிலிலும் இதை ஒரு தரம் சொன்னால் நல்லது.

பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: காட்டுப் பாதையில் குறுக்கே நூலோ கம்பியோ கண்டால் தொடாதே, வந்த வழியே திரும்பி வா, பெரியவர்களிடம் சொல். பெரியவர்களே, உடனே 119க்கு எடுங்கள். கட்டியவர் சொந்தக்காரராக இருந்தாலும் எடுங்கள்.

அந்தக் கதிரையில் இப்போது பிள்ளை இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.