எந்த லேசர்? – ஒரு சொல் மறைக்கும் வரலாறு

1960 மே மாதத்தில் தியோடர் மைமன் செயற்கை மாணிக்கத் தண்டிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். சில ஆண்டுகளுக்குள் மருத்துவர்கள் அதனை விழித்திரையிலும் தோலிலும் பயன்படுத்திப் பார்த்தனர். எனினும், திசுவைச் சுடும் கருவி என்ற நிலையில் லேசர்களின் வழிகள் பிரிந்தது 1964இல்தான். அவ்வாண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், மகாராட்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல் கார்பன் டைஆக்சைடு லேசரை உருவாக்கினார். அங்கேயே நியோடிமியம்-யாக் லேசரும் பிறந்தது.

முன்னதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். திசுவிலுள்ள நீர் அதனை உடனே உறிஞ்சிவிடுவதால் வெப்பம் மேற்பரப்பிலேயே தங்கித் திசு ஆவியாகிறது, அது கத்தியாயிற்று. பின்னதன் அலைநீளம் 1,064 நானோமீட்டர். அதனை நீர் குறைவாகவே உறிஞ்சுவதால் சில மில்லிமீட்டர் ஆழம்வரை ஊடுருவித் திசுவை உறையவைக்கிறது. அது குருதிப்போக்கை நிறுத்தவும் கட்டிகளைச் சுடவும் பயன்பட்டது.

1983இல் ஆண்டர்சனும் பாரிஷும் இதனைக் கோட்பாடாக்கினர்: அலைநீளமும் துடிப்பின் கால அளவும் பொருந்தினால், சூழ்ந்துள்ள திசுவுக்குப் பெரிதும் தீங்கின்றி இலக்கை மட்டும் சுடலாம்.

இக்கோட்பாடு நம்மை நேரடியாகத் தொடுகிறது. மாணிக்க லேசரின் 694 நானோமீட்டர் ஒளியை மெலனின் மிகுதியாக உறிஞ்சும். வெளிர்தோலில் முடிவேரைச் சுடும் அவ்வொளி, மாநிறத் தோலில் மேற்தோலையே சுட்டுத் தழும்பும் நிறமாற்றமும் விளைவிக்கக்கூடும். 1,064 நானோமீட்டரில் அவ்வாபத்து குறைவு.

‘லேசர் சிகிச்சை’ என்னும் ஒற்றைச் சொல் இவ்வேறுபாடுகள் அனைத்தையும் மறைக்கிறது. அலைநீளத்தைக் குறிப்பிடாத ஒப்புதல் படிவம் முழுமையான ஒப்புதல் ஆகுமா?