அரசன் முகத்திலிருந்து சமூகத்தின் முகத்திற்கு: தோமியேயின் விகடசித்திரங்கள்

1830 ஜூலையில் பாரிஸ் மக்கள் மூன்று நாள் தெருக்களில் நின்று போராடிப் பத்தாம் சார்ல்ஸ் மன்னனை விரட்டி, லூயி பிலிப்பைச் சிங்காதனத்தில் அமர்த்தியபொழுது, பத்திரிகைத் தணிக்கை இனி ஒருகாலும் மீளாது என்று புதிய சாசனம் உறுதி கூறிற்று. அவ்வுறுதியை நம்பி, அவ்வாண்டு நவம்பரிலேயே ‘லா கரிக்காத்யூர்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார் சார்ல்ஸ் பிலிப்போன். செதுக்குவேலையின் தாமதத்திற்கு இடமின்றி, ஓவியன் கல்லின்மீது வரைந்ததை அப்படியே அச்சேற்றும் கல்லச்சு முறை அவருக்குத் துணைநின்றது.

மறு ஆண்டு நவம்பரில், மன்னரை அவமதித்ததாக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட பிலிப்போன், மன்னரின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை நான்கு சித்திரங்களில் வரைந்து காட்டி, இவற்றுள் எதிலிருந்து குற்றம் தொடங்குகிறது என்று வினவினார். சிறைவாசமும் அபராதமும் அவருக்குக் கிடைத்தன; பேரிக்காயோ பாரிஸ் நகரச் சுவர்தோறும் தோன்றலாயிற்று.

அவருடைய சகாவான ஓனரே தோமியே, அந்தப் பேரிக்காய்த் தலையையே பிரெஞ்சு எழுத்தாளர் ரபலே படைத்த பெருந்தீனிப் பூதமான கார்கந்துவாவின் உடல்மீது பொருத்தினார். ஏழைகள் கொட்டும் காசைக் கூடை கூடையாகச் சுமந்து மந்திரிகள் ஒரு பலகை வழியே பூதத்தின் வாய்க்குள் ஏறுவதும், ஆசனத்தின் கீழே பதவிகளும் விருதுகளும் கழிவாக விழுவதும் வரியின் போக்கையே வரைபடமாக்கிக் காட்டுகின்றன. இதற்காக 1832-இல் தோமியேக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஆயினும் அவரது கலையில் நேர்ந்த பெரிய மாறுதலுக்கு அடையாளமாக நான் கருதுவது, மன்னரின் நிழல்கூடப் படாத ஒரு சித்திரத்தையே. 1834 ஏப்ரலில் பாரிஸின் திரான்ஸ்னோனேன் தெருவில் ஒரு வீட்டினுள் புகுந்த படையினர் அங்கிருந்தவர்களைக் கொன்று குவித்தனர். தோமியே வரைந்தது அச்செயலை அன்று; அதற்குப் பிந்திய நிசப்தத்தை. இரவுச்சட்டை அணிந்த ஒருவன் கட்டிலிலிருந்து சரிந்து கிடக்கிறான். அவன் உடலின் கீழே ஒரு குழந்தை நசுங்கிக் கிடக்கிறது. இடப்புற இருளில் ஒரு பெண், வலப்புற ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. சிப்பாய் இல்லை, துப்பாக்கி இல்லை, மிகைப்படுத்திய மூக்கோ வயிறோ இல்லை. குற்றம் இழைத்தவரைக் காட்டாது விட்டமையாலேயே, அவர் யார் என்ற கேள்வி பார்ப்பவன் நெஞ்சில் தங்கிவிடுகிறது.

1835 ஜூலையில் மன்னரைக் கொல்ல நடந்த முயற்சியைக் காரணமாகக் கொண்டு, செப்டம்பரில் சித்திரங்களுக்கு முன்தணிக்கை விதிக்கப்பட்டது. எழுத்து அபிப்பிராயம், சித்திரமோ கண்வழியே புகுந்து மக்களைத் தூண்டும் செயல் என்பது அரசாங்கத்தின் வாதம். சித்திரத்தின் ஆற்றலுக்கு அதன் பகைவரே அளித்த சாட்சியமாக இவ்வாதத்தைக் கொள்ளலாம்.

‘லா கரிக்காத்யூர்’ மறைந்தது. ‘ஷரிவாரி’ நாளிதழிலோ, 1836 முதல் 1838 வரை, ரொபேர் மக்கேர் என்ற பாத்திரம் உலவிற்று. லெமேத்ர் என்ற நடிகர் மேடையில் புகழேற்றிய அந்தக் கயவனைத் தோமியே வக்கீலாகவும், வைத்தியனாகவும், கம்பெனிப் பங்குகள் விற்பவனாகவும் வேடம் மாற்றினார். வாசகங்களைப் பிலிப்போன் எழுதினார். வேடம் எத்தனை மாறினும் உள்ளே இருப்பவன் ஒருவனே: பிறர் பணத்தைக் கண்ணியத்தின் பெயரால் கவர்பவன். எனவே இவ்வரிசையைத் தனித்தனிச் சித்திரமாகப் பார்த்தல் போதாது. அடுத்தடுத்து வைத்து நோக்கினால்தான், பணம் திரட்டுவதையே தர்மமாகக் கொண்ட ஒரு வர்க்கம் முழுதும் விசாரணைக்கு உட்படுவது புலப்படும்.

தணிக்கையின் நிர்ப்பந்தமே தோமியேயைத் தனிமனிதரிடமிருந்து சமூகத்தின்பால் திருப்பியது எனக் கூறுவோர் உளர். அது பாதி உண்மையே. 1848 புரட்சியால் முன்தணிக்கை நீங்கியபின், குடியரசுத் தலைவரான லூயி நெப்போலியனின் பேரவாவைக் கண்டிக்க முற்பட்ட தோமியே, 1850-இல் அவருடைய முகத்தோடு நில்லாமல், முறுக்கு மீசையும் கையில் தடியும் நைந்த மேலங்கியும் கொண்ட ‘ரத்தபுவால்’ என்ற கைக்கூலிப் பிரசாரகனைப் படைத்தார். அவனைச் சித்திரங்களில் வரைந்ததோடு அமையாமல் சிறு சிலையாகவும் வனைந்தார்.