முதுமையில் மனச்சோர்வு: மருத்துவம் கண்டுகொண்ட வரலாறு

நடுவயது கடந்தபின் முதன்முறையாக வரும் மனச்சோர்வை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரேப்பெலின் தனி நோயாக வகைப்படுத்தினார். உடல் தேயும் பருவத்தின் நோய் அது என்று கருதினார். பின்னர் அவரே அந்தப் பிரிவினையைக் கைவிட்டார். ஆனாலும் பேச்சு குறைந்து ஒடுங்கிய முதியவர்களை மூளை தேய்ந்தவர்களாக எண்ணி ஒதுக்குவது பல காலம் நீடித்தது.

இங்கிலாந்தின் மனநல மருத்துவர் மார்ட்டின் ராத் 1955இல் வெளியிட்ட ஆய்வு இந்த எண்ணத்தை உடைத்தது. மருத்துவமனையில் சேர்ந்த 60 வயது கடந்தவர்களை அவர் தொடர்ந்து கவனித்தார். இரண்டு ஆண்டுகளில் மறதி நோயாளிகளில் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். மனச்சோர்வுக்காரர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பியிருந்தனர். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு நோய்கள், ஒன்று குணமாகக்கூடியது. எத்தனையோ முதியவர்களின் உயிரைக் காத்த கண்டுபிடிப்பு இது.

தமிழகத்தில் முதியோர் மனநலத் துறைக்கு வழி அமைத்தவர் மதுரை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஏ. வெங்கோபராவ். அவரும் டி. மாதவனும் மதுரைக்கு அருகே நடத்திய கணக்கெடுப்பு 1982இல் வெளிவந்தது. முதியவர்களில் 1000 பேருக்கு 89 பேரிடம் மனநோய் இருந்தது. அவர்களில் 60 பேருக்கு மனச்சோர்வு. இதற்குச் சற்று முன், 1978இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராசன் முதியோருக்கெனப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கியிருந்தார்.

ஆனால் நோயாளி 'மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு வருவது அபூர்வம். "சோறு இறங்கலை, ராத்திரி தூக்கமே இல்லை, உடம்பெல்லாம் அசதி" என்பார். சத்து மாத்திரையோடு திரும்பிப் போவார். இந்தத் தொல்லைகள் மனச்சோர்வு இல்லாத முதியவர்களுக்கும் உண்டு. அதனால்தான் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜெரோம் யேசவேஜ் குழு உருவாக்கிய முதியோர் மனச்சோர்வு வினாநிரல், உடல் அறிகுறிகளை விட்டுவிட்டு ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய 30 கேள்விகளை மட்டும் வைத்தது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரத்தில் 65 வயது கடந்த 1000 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. 12.7 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருந்தது. குறைந்த வருமானம், பசி, சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவை அதோடு சேர்ந்து வந்தன. வயது காரணமாகத் தெரியவில்லை. மனம்விட்டுப் பேச ஆள் இருந்தவர்களிடம் நோய் மிகக் குறைவு.

மரக்காணம் பகுதியில் உள்ள கீழ்புத்துப்பட்டு போன்ற ஊருக்கு இந்த முடிவு நேராகப் பொருந்தும். வடகிழக்குப் பருவமழையில் மரக்காணம் உப்பளத்தில் வேலை நின்றால் அதை நம்பியவர்களின் கூலியும் நிற்கும். கீழ்புத்துப்பட்டில் உள்ள ஈழத்தமிழர் முகாமில் சொந்த மண்ணையும் உறவையும் இழந்தவர்கள் முதுமை அடைந்திருக்கிறார்கள். இங்கே அசதி என்று வரும் முதியவரிடம் ரத்த அழுத்தம் பார்ப்பதோடு, வீட்டில் அடுப்பு எரிகிறதா, பேச யார் இருக்கிறார்கள் என்றும் மருத்துவர் கேட்டாக வேண்டும்.